கொடி கட்டாத கொம்பு

கவையன் என்ற புள்ளிமானுக்குத் தன் மனைவி பூம்புள்ளியைப் பிடிக்கும். குட்டியையும் பிடிக்கும். ஆனால் தன் கொம்புகளைப் பிடித்த அளவுக்கு வேறெதையும் பிடிக்காது. அந்தக் கொம்புகளும் லேசுப்பட்டவை அல்ல. கிளை விட்டு, முனை கூராகி, வெயில் பட்டால் மினுமினுக்கும். தண்ணீரில் தன் நிழலைப் பார்த்துவிட்டால் போதும், கவையன் மேய்ச்சலை மறந்து அங்கேயே நின்றுவிடுவான்.

அவன் பிறந்து வளர்ந்தது கொடிக்காட்டில். அந்தக் காட்டின் நடுவே ஓர் ஊற்று உண்டு. எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை. அந்த ஊற்றுக்கு ஒரு சட்டமும் உண்டு. கொம்போ தந்தமோ உள்ளவர்கள் அதன்மேல் கொடி சுற்றிக்கொண்டுதான் ஊற்றுக்கு வரவேண்டும். முள்ளம்பன்றி முட்களைப் படியவிட்டு வரவேண்டும். ஆயுதம் இல்லாதவர்கள் முதலில் குடிப்பார்கள். ஆயுதம் உள்ளவர்கள் காத்திருந்து பிறகு குடிப்பார்கள். யானையே வந்தாலும் இதே சட்டம்தான்.

ஊற்றுக்குப் போகும் வழியில் ஒரு நாவல் மரம். அதில் மந்தியக்கா உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்களின் தலையைப் பார்ப்பதுதான் அவள் வேலை.

"கவையா, நில்லு! கொடி எங்கே?"

"வழியிலே அவுந்து விழுந்துடுச்சு, அக்கா!"

"காட்டிலே உனக்கு மட்டும் தினமும் அவுந்து விழுதா? குனி தலையை!"

கவையன் பல்லைக் கடித்துக்கொண்டு குனிவான். மந்தியக்கா இறங்கி வந்து ஒரு பச்சைக் கொடியைக் கொம்பில் நன்றாகச் சுற்றி முடிச்சுப் போடுவாள். அதற்குப் பிறகும் உடனே குடிக்க முடியாது. முன்னால் ஒரு முயல் இருக்கும். அது ஒரு வாய் குடிக்கும். மீசையைத் துடைக்கும். காதைச் சொறியும். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல் இன்னொரு வாய் குடிக்கும். இத்தனை பெரிய கொம்பை வைத்துக்கொண்டு ஒரு முயலுக்குப் பின்னால் நிற்பதா என்று கவையனுக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் அவன் இப்படி நின்றுகொண்டிருந்தபோது, காட்டெருமையின் முதுகில் உட்கார்ந்திருந்த உண்ணிக்கொக்கு அவனைப் பார்த்துச் சிரித்தது. அந்தக் கொக்கு பல காடுகளுக்குப் போய் வருகிற பறவை. வாயைத் திறந்தால் ஊர்க்கதைதான்.

"என்ன கவையா, இவ்வளவு அழகான கொம்பைக் கந்தல் சுத்தி வச்சிருக்கே? மலைக்கு அந்தப் பக்கம் மொட்டைப்பாறைக் காடுன்னு ஒண்ணு இருக்கு. அங்கே கொடியும் கிடையாது, மந்தியும் கிடையாது!"

"நிஜமாவா?"

"கொம்பு உள்ளவன் கொம்பை நிமிர்த்திக்கிட்டே நடக்கலாம், மேயலாம், குடிக்கலாம். ஏன்னு ஒருத்தன் கேக்க மாட்டான்!"

அன்று கவையனுக்குப் புல் இறங்கவில்லை. மறுநாள் காலையில் மனைவியிடம் சொன்னான்: "கிளம்பு, நாம அந்தக் காட்டுக்குப் போறோம்."

பூம்புள்ளி திகைத்துப் போனாள். "இங்கே நமக்கு என்ன குறை?"

"மதிப்பு இல்லை!"

"தண்ணி இருக்கே!"

"தண்ணி எங்கேதான் இல்லை? அங்கே போனா யாருக்கும் பின்னாலே நிக்க வேண்டாம். என் கொம்பு இருக்கிற வரைக்கும் நீயும் குட்டியும் ராஜா வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்கலாம்!"

பூம்புள்ளிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அவன் பிடித்த பிடியை விடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். குட்டியைக் கூட்டிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். நாவல் மரத்தடிக்கு வந்ததும் கவையன் தலையை ஒரு உதறு உதறினான். கொடி அறுந்து விழுந்தது.

"இந்தா அக்கா, உன் கொடி! நீயே கட்டிக்கோ!"

மந்தியக்காவுக்குக் கோபம் வரவில்லை. அவள் கொடியை எடுத்து ஒரு கிளையில் மாட்டினாள். "போயிட்டு வா," என்று மட்டும் சொன்னாள். அவள் சண்டைக்கு வராதது கவையனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மலையேறி இறங்கி, காய்ந்த ஓடையைத் தாண்டினார்கள். மொட்டைப்பாறைக் காடு கண்ணுக்குத் தெரிந்ததும் கவையன் வாயைப் பிளந்தான்.

அடேயப்பா! என்ன காடு அது! பாறை இடுக்கிலிருந்த குட்டையைச் சுற்றிலும் எங்கே பார்த்தாலும் கொம்புகள். காட்டெருமைகளின் வளைந்த கொம்புகள் எண்ணெய் தடவியதுபோல் கறுத்து மின்னின. மிளா மான்கள் மரத்தின் பட்டையை உரித்துக் கொம்புக்குக் கூர் ஏற்றிக்கொண்டிருந்தன. பன்றிகள் கோரைப் பற்களைக் கல்லில் தீட்டும் சத்தம் காடு முழுக்கக் கேட்டது. முள்ளம்பன்றிகள் எல்லா முட்களையும் விரித்தபடி சலசலவென்று நடந்து போயின. ஒன்றின் கொம்பிலாவது ஓர் இலை கூட இல்லை. கவையனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாள் எந்தப் பொந்துக்குள் கிடந்தோம் என்று தோன்றியது.

தடித்த பன்றி ஒன்று அவன் எதிரே வந்தது. கவையனின் கொம்பை ஏற இறங்கப் பார்த்தது. உடனே ஓரமாக ஒதுங்கியது.

"வாங்கண்ணே, வாங்க! புதுசா? நம்ம காட்டுக்கு ஏத்த ஆளுதான். குடிங்க!"

"வரிசை?"

"வரிசையா? அப்படின்னா?"

கவையனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தன்னை மதிக்கத் தெரிந்த காடு ஒன்று கடைசியில் கிடைத்துவிட்டது! அவன் நெஞ்சை நிமிர்த்திக் குட்டைக்குப் போனான். அவன் கொம்பின் நிழலில் பூம்புள்ளியும் குட்டியும் குடித்தார்கள்.

"பார்த்தியா?" என்றான்.

"பார்த்தேன்," என்றாள் பூம்புள்ளி. "நம்ம ஊத்து மாதிரி இங்கே யாருமே கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கலை. நீங்க பார்த்தீங்களா?"

கவையன் பார்க்கவில்லை. பெருமையில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? குட்டையைச் சுற்றி நின்ற ஒவ்வொரு மிருகமும் ஒரு கண்ணைத் தண்ணீரிலும் மறு கண்ணைப் பக்கத்தில் நிற்பவன் மேலும் வைத்திருந்தது. முயல் என்று ஒன்று அந்தப் பக்கமே இல்லை. குட்டிகள் தாயின் வயிற்றுக்கு அடியைவிட்டு வெளியே வரவில்லை.

கோடை முற்றியது. குட்டை சுருங்கியது. அந்தக் குறுகிய இடத்திலும் கவையனுக்கு வழி கிடைத்தது. கொம்பு இருந்ததல்லவா!

இந்த இடத்தில் மான்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆண்மானின் கொம்பு வருஷத்துக்கு ஒரு முறை உதிர்ந்துவிடும். பிறகு மெல்ல முளைக்கும். இது எல்லா மானுக்கும் தெரியும். ஆனால் கொம்பு தலைமேல் இருக்கும்வரை எந்த மானுக்கும் அது நினைவுக்கு வராது. கவையனுக்கும் வரவில்லை. கொடிக்காட்டில் போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் அவனுக்குக் கொம்பு உதிரத்தான் செய்தது. அப்போதெல்லாம் அவன் பயப்பட்டதே இல்லை. அதனால்தான் மறந்துபோனான்.

ஒரு காலை, புதரில் உரசியபோது டக்கென்று ஒரு சத்தம். வலப்பக்கக் கொம்பு கீழே கிடந்தது!

கவையன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். யாருடையதோ என்பதுபோல் பார்த்தான். பிறகு இருக்கிற ஒற்றைக் கொம்பை முன்னால் காட்டியபடி, தலையைச் சாய்த்துக்கொண்டு குட்டைக்குப் போனான். அப்படி நடந்தால் யாருக்கும் தெரியாது என்று அவன் நினைப்பு. பாதி வழியில் இடப்பக்கக் கொம்பும் விழுந்தது.

குட்டையில் அதே தடித்த பன்றி நின்றது.

"தம்பி, கொஞ்சம் வழி விடு," என்றான் கவையன்.

"யாருடா நீ?"

"என்னப்பா இது! நான்தான் கவையன். நேத்துகூட அண்ணேன்னு கூப்பிட்டியே!"

"நான் கொம்பைக் கூப்பிட்டேன். அது எங்கே?"

"விழுந்துடுச்சு. திரும்ப முளைக்கும்!"

"முளைச்சதும் வா!"

"அதுவரைக்கும் தண்ணிக்கு என்ன பண்றது? குட்டி இருக்குதப்பா! இது என்ன நியாயம்? இந்தக் காட்டிலே சட்டம்னு ஒண்ணு இல்லையா?"

சுற்றி நின்ற மிருகங்கள் எல்லாம் சிரித்தன. "அது இல்லைன்னுதானே நீ இங்கே வந்தே!" என்றது பன்றி. சொல்லிவிட்டுக் கோரைப் பல்லால் ஒரு குத்து விட்டது. கவையன் விலா கிழிந்து, தடுமாறி, ஓடினான். திருப்பி முட்டத் தலையில் ஒன்றுமில்லை.

அன்று மூவருக்கும் தண்ணீர் இல்லை. மறுநாளும் போய்ப் பார்த்தார்கள், விரட்டப்பட்டார்கள். குட்டியின் நாக்கு வறண்டு வெளியே தொங்கியது. அது அழக்கூட இல்லை, சும்மா படுத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் கவையன் மனைவியிடம் திரும்பினான்.

"நீ குட்டியைக் கூட்டிக்கிட்டுக் கொடிக்காட்டுக்குப் போ," என்றான். "உங்களை விடுவாங்க. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்கே வர்றது? கொடியை அக்கா மூஞ்சியிலே வீசிட்டு வந்தவன் நான்."

"நீங்க வராட்டி குட்டி எழுந்திருக்காது," என்றாள் பூம்புள்ளி. "வெக்கத்தை அப்புறம் படலாம். இப்ப நடங்க!"

நடந்தார்கள். காய்ந்த ஓடையில் கல் சுட்டது. மலையேறும்போது குட்டி இரண்டடிக்கு ஒருமுறை விழுந்தது. கவையன் அதை மூக்கால் தூக்கித் தூக்கி நிறுத்தினான். கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணால் அன்றுதான் அவன் தன் குட்டியைச் சரியாகப் பார்த்தான்.

நாவல் மரம் வந்தது. மேலே மந்தியக்கா. அவன் உதறிய கொடி அதே கிளையில் காய்ந்து தொங்கியது. கவையன் தானாகவே தலையைக் குனிந்தான்.

"அக்கா, கட்டு," என்றான்.

மந்தியக்கா எட்டிப் பார்த்தாள். "எதிலேடா கட்டுறது? மொட்டைத் தலையை வச்சுக்கிட்டு இங்கே எதுக்கு நிக்கிறே? முன்னாலே போ! குட்டியைக் கூட்டிக்கிட்டு ஓடு!"

ஊற்றங்கரையில் அன்று கூட்டம். கோடை அல்லவா, காடே அங்கேதான் இருந்தது. ஆயுதமில்லாதவர்கள் குடித்து முடித்திருந்தார்கள். கொம்புள்ளவர்களின் முறை வந்திருந்தது. காட்டிலேயே பெரிய கொம்பன் யானை அப்போதுதான் முன்னங்கால்களை ஊற்றில் வைத்து, துதிக்கையை நீட்டியிருந்தது. நாளெல்லாம் காத்திருந்து, வெயிலில் காய்ந்து வந்த யானை அது. அதன் தந்தங்கள் தரையைத் தொடும் அளவுக்கு நீளம். இரண்டிலும் பச்சைக் கொடி சுற்றியிருந்தது.

யானை திரும்பியது. கவையனின் மொட்டைத் தலையைப் பார்த்தது. நீட்டிய துதிக்கையைத் தண்ணீர் தொடாமலே மடக்கிக்கொண்டது. ஒரு காலை எடுத்தது. மறு காலை எடுத்தது. அந்த மலை போன்ற உடம்பு மெல்லப் பின்னால் நகர்ந்தது.

அதன் பின்னால் நின்ற காட்டெருமைகளும் நகர்ந்தன. அவற்றுக்குப் பின்னால் மிளாக்கள், பன்றிகள், முள்ளம்பன்றிகள். கொடி சுற்றிய அத்தனை கொம்புகளும் தந்தங்களும் சத்தமே இல்லாமல் ஒதுங்கி, நடுவில் ஒரு வழி திறந்தது. கொம்பில்லாத ஒரு மானுக்காக, ஒரு பெண்மானுக்காக, ஒரு குட்டிக்காக! கவையன் அப்படியே நின்றுவிட்டான். மொட்டைப்பாறைக் காட்டில் கூர்தீட்டிய கொம்புகளைப் பார்த்துச் சிலிர்த்தவன் அவன். அந்தச் சிலிர்ப்பெல்லாம் இந்தக் காட்சிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"ஐயா," என்றான், "நான் இந்தச் சட்டத்தை வேண்டாம்னு உதறிட்டுப் போனவன். எனக்கா வழி விடுறீங்க?"

"சட்டம் மூஞ்சியைப் பார்க்காது, தம்பி," என்றது யானை. "தலையைத்தான் பார்க்கும். குடி!"

குட்டி முதலில் குடித்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. அதன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் கவையன் தண்ணீரில் வாய் வைத்தான். சுற்றிலும் அத்தனை ஆயுதங்கள் நின்றிருந்தும் அவனும் கண்ணை மூடிக்கொண்டான்.

மழை வந்தது, புல் வந்தது, கவையனுக்குக் கொம்பும் வந்தது. முன்பைவிடப் பெரிய கொம்பு. அது கெட்டிப்பட்ட அன்று காலையில் அவனே ஒரு பச்சைக் கொடியை வாயில் கவ்விக்கொண்டு நாவல் மரத்தடிக்கு வந்தான்.

"நல்லா இறுக்கிக் கட்டு, அக்கா!"

"அவுந்து விழாதா?"

"விழாது!"

ஊற்றில் அவனுக்கு முன்னால் அதே முயல் நின்றது. ஒரு வாய் குடித்தது. மீசையைத் துடைத்தது. காதைச் சொறிந்தது. பின்னால் ஒரு பெரிய கொம்பின் நிழல் விழுவதைக் கண்டு அவசரமாகத் திரும்பிப் பார்த்தது.

"மெதுவா குடி," என்றான் கவையன். "நான் நிக்கிறேன்."

ஆயுதம் இருக்கும் நாளில் நம் கையைக் கட்டும் சட்டம்தான், ஆயுதம் இல்லாத நாளில் நம் உயிரைக் காக்கும்.