பிரிக்காத கவர்

சத்தியமா சொல்றேன், இதுல ஒரே ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் நாளையிலருந்து நான் திங்கிற சோறு மூக்கு வழியாப் போவட்டும்.

காட்பாடியில தணிகாசலம்னு ஒருத்தர். குழாய், பைப்பு விக்கிற கடை. ஒருநாள் வெளிநாட்டுலருந்து ஒரு வாட்ச் வரவழைச்சாரு. உலகத்துலயே முந்நூறுதான் செஞ்சாங்களாம், இவருது நூத்திப் பதினேழாவது. சாவி குடுத்து ஓட்டுற வாட்ச். பக்கத்துல ரெண்டு பொத்தான். மேல் பொத்தானை அமுக்கினா நீட்டு முள்ளு கிளம்பும், மறுபடி அமுக்கினா நிக்கும். ஒருத்தர் ஓடி முடிக்க எவ்ளோ நேரமாச்சுன்னு பிசகாம சொல்லும்.

வெளிக்கூடு புதுசு. அவன் பேரு மினுக்கன். உள்ள இருந்த மெஷின் பழசு, அம்பது வருசம் ரஷ்யாவுல எதோ டப்பாவுல தூங்கினது. அவன் பேரு ரஷ்யாக்காரன்.

தணிகாசலம் வீட்டுல சோபாவுக்குக் கவர், ரிமோட்டுக்குக் கவர், கார் வாங்கி ஏழு வருசமாகியும் சீட்டு மேல அதே கம்பெனி கவர். வாட்சை மட்டும் விடுவாரா. கண்ணாடி மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்காமலே ஷோகேஸ்ல வச்சுப் பூட்டினாரு. சாவியும் குடுக்கல. ஓட ஓடத் தேஞ்சிடும்னு அவரு கணக்கு.

"டேய் மினுக்கா, என்னடா இது, அங்கயும் டப்பா, இங்கயும் டப்பா," ன்னான் ரஷ்யாக்காரன்.

"கெழவா, உனக்கு இங்க ஏசி, லைட்டு. வேறென்ன வேணும்?"

"ஓடணும்டா. சும்மா கெடந்தா உள்ள இருக்கிற எண்ணெய் பிசினாயிடும். அப்புறம் நான் அவ்ளோதான். அதுக்குள்ள ஒரு ஓட்டத்தையாவது அளந்துட்டுச் சாவுறேன். நீ கொஞ்சம் மின்னிக் காட்டு, அந்தாளுக்குக் கையில கட்ட ஆசை வரட்டும்."

"கட்டினா கீறல் விழும். போய்ப் படு."

தணிகாசலத்துக்கு ஒரே பொண்ணு, மோனிஷா. ஸ்கூல்ல எண்ணூறு மீட்டர் ஓடுவா. தினம் ஷோகேஸ் முன்னாடி வந்து நிப்பா.

"அப்பா, ஒருநாள் அந்த வாட்சைக் குடேன். நான் ஓடுறதை நீயே வந்து அளந்து பாரு."

"கிரவுண்டுல புழுதிம்மா. போன்ல பாத்துக்க."

அவ கேக்கும்போதெல்லாம் ரஷ்யாக்காரனுக்கு ஸ்பிரிங்கு சிலிர்த்துக்கும். இன்னைக்கு அந்தாளு எடுத்துக் குடுத்துருவான், நாளைக்குக் குடுத்துருவான்னு எதிர்பாத்தான். ஆறு வருசம் போச்சு. எண்ணெய் தேனாச்சு, தேன் பிசினாச்சு. சக்கரம் ஒண்ணொண்ணா மரத்துப்போச்சு.

ஆறாவது வருசம் மோனிஷாவுக்கு நர்சிங் காலேஜ்ல இடம் கெடச்சுது. மறுநாள் ஹாஸ்டலுக்குக் கெளம்பணும்.

"இன்னைக்குத்தாம்ப்பா கடைசி ஓட்டம். அங்க யாரு ஓட விடப் போறாங்க."

மனுசனுக்கு என்ன தோணுச்சோ, ஷோகேஸைத் திறந்தாரு. கவரைப் பிரிக்கல. அப்படியே சாவி குடுத்து கிரவுண்டுக்கு எடுத்துட்டுப் போனாரு. மோனிஷா போனை எடுத்தா.

"அதை உள்ள வையி. இது அதைவிடத் துல்லியம்," ன்னாரு.

அவ கிளம்பினா. இவரு பொத்தானை அமுக்கினாரு. உள்ள ரஷ்யாக்காரன் பல்லைக் கடிச்சுக்கிட்டு முள்ளைத் தள்ளினான். ஒண்ணு, ரெண்டு, அஞ்சு. மூச்சு முட்டுச்சு. பத்து. பதினொண்ணு. அதுக்குமேல ஒரு பல்லுகூட நகரல. வெளிய அந்தப் பொண்ணு பொறந்ததுலருந்து ஓடாத ஓட்டம் ஓடிக்கிட்டிருந்தா. அவ காலடிச் சத்தம் ஒவ்வொண்ணும் இவனுக்குக் கேட்டுச்சு. எண்ணத்தான் முடியல.

தணிகாசலம் மகளைப் பாத்தாரே தவிர முள்ளைப் பாக்கல. ரெண்டு சுத்து முடிச்சு அவ வந்து குனிஞ்சு நின்னா.

"எவ்ளோப்பா?"

அவரு பிளாஸ்டிக்கைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தாரு.

"பதினோரு செகண்டும்மா."

"எண்ணூறு மீட்டருக்கா? ஒலிம்பிக்ல தங்கம் ரெடி பண்ணச் சொல்லு," ன்னு சிரிச்சா. அப்புறம் சிரிக்கல.

"இன்னொரு தடவை ஓடேன், போன்லயே பாப்போம்."

"அந்த மாதிரி இன்னொரு தடவை வராதுப்பா. வா, போலாம்."

மறுநாள் அவளைப் பஸ் ஏத்திவிட்டுட்டு வந்து, வாட்சைப் பழைய இடத்துலயே வச்சாரு.

"பாத்தியா கெழவா, கிரவுண்டு வரைக்கும் போயும் ஒரு கீறல் இல்ல," ன்னான் மினுக்கன். "டேய், கோவமா? ஒரு டிக்காவது சொல்லேன்டா."

ரஷ்யாக்காரனுக்கு அது கேட்டுச்சு. நாக்கு எழல. பதினொண்ணுலயே நின்ன முள்ளோட, காதுல இன்னும் அந்தப் பொண்ணு ஓடிக்கிட்டே இருந்தா.

அன்னையிலருந்து மினுக்கன் தனியா மின்னிக்கிட்டிருக்கான். உள்ள பொணம்.

கதை அவ்ளோதான். மூஞ்சியைத் தொங்கப்போட்டா கதை சொன்ன கூலி கழியாது. ஆளுக்கொரு டீ, ரெண்டு மசால் வடை, சூடா, இப்பவே. அப்புறம் பாக்கலாம்னு பாக்கெட்டை மூடுறவன் வீட்டுல இருக்கிற ரிமோட்டு கவரை நானே வந்து கிழிப்பேன்.