செண்பகவல்லி மேடத்துக்கு வெப்சைட் போட்ட கதை

ஆண்டவன் புத்தி வழங்கிய அன்றைக்கு வெளியூர் போயிருந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கோவில்பட்டியில் அப்படி மூன்று பேர் ஒன்று சேர்ந்து ஒரு கம்பெனியே நடத்தினார்கள். பெயர் ‘மும்மூர்த்தி வெப் டிசைன்ஸ்’. கோமதிநாயகம் முதலாளி, கொம்பையா மேனேஜர், பவுன்ராஜ் டிசைனர். வேலைக்கு ஆள் என்று யாரும் இல்லாததால் மூன்று பேரும் அதிகாரிகளாகவே இருந்தார்கள்.

இவர்களிடம் யாரும் பிடித்துத் தள்ளாமல் தானாகவே போய் விழுந்தவள் செண்பகவல்லி.

அவள் மனநல ஆலோசகர். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நல்ல பெயர் எடுத்தவள். சொந்த ஊர் ஜனங்களுக்கும் மனசு என்று ஒன்று இருக்கும் என்று நம்பித் திரும்பி வந்து, அண்ணன் கட்டிடத்து மாடியில் ஓர் அறை எடுத்து, இரண்டு நாற்காலி போட்டு, ஜன்னலுக்கு நீலத் திரை மாட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருந்தாள். கோவில்பட்டிக்காரருக்கு மனசு சரியில்லை என்றால் மந்திரிக்கப் போவார், இல்லாவிட்டால் மச்சினனோடு சண்டைக்குப் போவார். மாடியேறி ஒரு பெண்ணிடம் பேசுவதற்கு எதிர் டீக்கடை பெஞ்சைத் தாண்டியாக வேண்டும். அந்த பெஞ்சைத் தாண்டி எதுவும் ரகசியமாகப் போனதாக வரலாறு இல்லை.

அண்ணன் கணபதியப்பனுக்குத் தீப்பெட்டி ஏஜென்சி. பொறுமையான மனிதர்தான். “சித்திரை பிறக்கட்டும் தாயி. அதுக்குள்ள ஒரு ஆளாவது படியேறி வாரத நான் கண்ணால பாக்கணும். இல்லேன்னா பண்டல் அடுக்க எனக்கு ரூமு வேணும்” என்றார்.

அவளுக்கு அந்த அறைமேல் உயிர். வெப்சைட் ஒன்று இருந்தால் வீட்டுக்குள் இருந்தபடியே யாராவது பார்ப்பார்கள், தைரியம் வந்து படியேறுவார்கள் என்று நினைத்தாள். நினைப்பு சரிதான். போன இடம்தான் தப்பு.

“உங்க கம்பெனிக்கு வெப்சைட் இருக்கா?” என்று முதல் நாளே கேட்டாள்.

“இல்ல மேடம்” என்றார் கோமதிநாயகம். “போட்டா ஊருல எல்லாரும் வந்துருவாக. நாங்க மூணு பேருதான இருக்கோம்.”

அப்போதே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் யாரையும் எடை போடக் கூடாது என்று படித்துப் பட்டம் வாங்கியவள் அவள். படிக்காதவளாக இருந்தால் தப்பித்திருப்பாள்.

“பாத்தவுடனே மனசுக்கு அமைதியா இருக்கணும். சளசளன்னு எதுவும் வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினாள். நாலு நாள் கழித்து மூவரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திறந்தார்கள். திரை முழுக்க வெள்ளை.

“ஒண்ணுமே இல்லையே.”

“அதான் மேடம் அமைதி” என்றார் பவுன்ராஜ். “எழுத்துன்னு ஒண்ணு வந்துட்டாலே கவலைதான். நேத்து கரண்டு பில்ல பாத்து எனக்கே வந்துச்சு.”

செண்பகவல்லி மூச்சை மெதுவாக இழுத்து விட்டாள். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த பயிற்சி, தனக்கே பயன்பட்டது. “நல்லா யோசிச்சிருக்கீங்க. ஆனா வர்றவங்களுக்கு விவரம் வேணும். இங்க பேசுறது எதுவும் வெளிய போகாதுன்னு முதல்ல போடுங்க” என்றாள்.

அடுத்த வாரம் வந்ததில் அந்த வாசகம் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் பெயர் இல்லை, முகவரி இல்லை, போன் நம்பர் இல்லை.

“அட்ரஸ் எங்க?”

“எடுத்துட்டோம்” என்றார் கொம்பையா. “அட்ரஸ் இருந்தா ஆளு வருவாக. ஆளு வந்தா ரகசியத்தச் சொல்லுவாக. சொன்னாத்தான மேடம் வெளிய போகும்?”

“ஆளே வரலேன்னா நான் என்னங்க செய்றது?”

“ரகசியத்தக் காப்பாத்தலாம்” என்றார் கோமதிநாயகம்.

பங்குனி பாதி போய்விட்டது. கீழே அண்ணன் கடையில் பண்டல்கள் வாசல் வரைக்கும் வந்துவிட்டன. செண்பகவல்லிக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குரல் உயர்ந்தது.

“நல்லாக் கேட்டுக்கோங்க. என் பேரு பெரிசா வேணும். போட்டோ வேணும். என்னைக்கு, எத்தனை மணிக்கு வரணும், எந்தத் தெரு, எல்லாம் தெளிவா வேணும். தெரிஞ்சவங்க நாலு பேரு பேரு கீழ இருக்கட்டும், ஒரு நம்பிக்கை வரும். பொய் ஒரு எழுத்துகூடக் கூடாது. பாக்கறவங்களுக்கு, இங்க போனா வெக்கப்படாம மனசு விட்டு அழலாம்னு தோணணும். அவ்வளவுதான். இனிமே என்கிட்ட ஒரு வார்த்தையும் கேக்காதீங்க. முடிச்சு, ஊர் பூரா தெரியற மாதிரி ஏத்தி விட்டுருங்க.”

மூவரும் ஆபீசுக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசனையில் இறங்கினார்கள்.

“வெக்கப்படாம அழுற இடம்னா எது?” என்று ஆரம்பித்தார் கோமதிநாயகம். “சொந்த வீட்டுல அழுதா பொண்டாட்டி ஏன்னு கேப்பா. கோயில்ல அழுதா பூசாரி கேப்பாரு.”

“துட்டி வீடு” என்றார் கொம்பையா. “எழவு விழுந்த எடத்துல அழாதவனத்தான் ஒரு மாதிரி பாப்பாக.”

“சரியாச் சொன்னல. அப்போ மேடம் ஆபீசு துட்டி வீடு மாதிரி தெரியணும்.”

பவுன்ராஜ் நெற்றியில் தட்டிக்கொண்டார். டிசைனர் ஆவதற்கு முன்பு அவர் பிளெக்ஸ் கடையில் இருந்தவர். “பேரு, போட்டோ, நாளு, நேரம், தெரு, கீழ நாலு பேரு பேரு. அண்ணாச்சி, இது நான் ஆயிரம் அடிச்ச சரக்கு.”

“போட்டோல சிரிச்சுக்கிட்டு இருக்காகளே?” என்றார் கோமதிநாயகம்.

“செத்தவுக எல்லாருமே சிரிச்சுக்கிட்டுத்தான இருப்பாக. சுத்தி மாலை போட்டாச் சரியாயிரும்.”

கொம்பையாவுக்கு ஒரு நியாயமான சந்தேகம் வந்தது. “மேடம் உசுரோடல்ல இருக்காக? பொய் கூடாதுன்னு சொன்னாகளே.”

டீ வந்தது, குடித்தார்கள். கடைசியில் கோமதிநாயகம்தான் வழி கண்டார். “தோற்றம்னு பிறந்த தேதியப் போடு. அது உண்மை. மறைவுக்கு நேரா ‘விரைவில்’னு போடு. எல்லா வெப்சைட்டுலயும் முடியாத எடத்துல அப்படித்தான் போடுதாக.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெப்சைட் ஏறியது. மேலே இரண்டு கைகள் விளக்கு ஏந்தி நிற்க, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய எழுத்து. நடுவில் ரோஜா மாலைக்குள் செண்பகவல்லி. ‘தினமும், காலை பத்து மணி முதல்’ என்று மாடி முகவரியோடு. கீழே, ‘வருத்தத்துடன்’ என்று கணபதியப்பனும் கம்பெனியார் மூவரும். பவுன்ராஜ் அதைப் படமாக எடுத்து, ஊரில் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் அத்தனையிலும் போட்டார். செண்பகவல்லிக்கு மட்டும் அனுப்பவில்லை. கேட்கக் கூடாது என்றவரிடம் சொல்வது மட்டும் முறையா என்று விட்டுவிட்டார்கள். ‘விரைவில்’ என்பதை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே பொடி எழுத்து படிக்கும் வழக்கம் நமக்குக் கிடையாது.

திங்கட்கிழமை காலை அவள் நீலத் திரையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தபோது, படியில் காலடி கேட்டது. வந்தவள் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் தங்கபுஷ்பம். கையில் மாலை. கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. வெப்சைட் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று செண்பகவல்லி எதிர்பார்க்கவில்லை.

“வாங்க, உக்காருங்க” என்றாள்.

தங்கபுஷ்பம் வாசலிலேயே நின்றுவிட்டாள். “நீங்க சாகலையா?”

“இல்லையே.”

“தெரு பூரா அழுதுகிட்டே வந்துட்டேனே” என்றாள் தங்கபுஷ்பம், ரொம்ப மனவருத்தத்தோடு. மாலையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். “சரி, வந்தது வந்தாச்சு. பாதியில நிப்பாட்டினா தலை வலிக்கும். அழுதுட்டே போயிருதேன்.”

உட்கார்ந்து அழுதாள். முதலில் செண்பகவல்லிக்காக அழுதாள். பிறகு மஸ்கட்டில் இருந்து போன் பண்ணாத மகனுக்காக அழுதாள். பிறகு பக்கத்தில் இருந்தும் பேசாத புருஷனுக்காக. யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இதற்காகத்தானே ஊர் திரும்பி வந்தோம் என்று அவளுக்கும் கண்ணீர் வந்தது.

அதற்குள் படி முழுக்க ஆள். டீக்கடை பெஞ்சே எழுந்து மாலையோடு வந்திருந்தது. துட்டிக்குப் போகிறவனை யார் என்ன கேட்கமுடியும்? ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், அவள் உயிரோடு இருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள், பெருந்தன்மையாக மன்னித்தார்கள், உட்கார்ந்து அழுதார்கள். அவர்களில் ஒருவர் போனை நீட்டிக் காட்டியபோதுதான், மாலைக்குள் இருக்கும் தன்னையே செண்பகவல்லி பார்த்தாள்.

மறுநாள் சித்திரை பிறந்தது; அன்றைக்கும் அதே கூட்டம். பண்டல் ஏற்ற ஆட்களோடு வந்த கணபதியப்பன், படியில் கிடந்த செருப்புகளைத் தாண்டமுடியாமல் நின்றார். செண்பகவல்லி ஓடிவந்தாள். “அண்ணே, ஆள் வந்தாச்சு. பாத்தீங்கல்ல?”

“பாத்தேன். ரூமு உனக்குத்தான்” என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “துட்டி நடந்த வீட்டுல வருஷம் திரும்பாம பண்டல இறக்கினா ஊரு என்னத் துப்பாதா?”

“நான் உங்க முன்னாடிதான நிக்கிறேன்?”

“நீ நிப்ப தாயி. ஊருக்குன்னு ஒரு முறை இருக்குல்லா.”

அன்று சாயங்காலம் மும்மூர்த்திகளை வரவழைத்தாள். திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தாள். ஆனால் படியில் இன்னும் நாலைந்து பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு முறை வருவதற்குக் காத்திருந்தார்கள். அதனால் சுருக்கமாகச் சொன்னாள்.

“நான் உயிரோட இருக்கேன்னு தெளிவாப் போடுங்க. எல்லாரும் ஒரே நேரத்துல வந்தா என்னால பாக்க முடியல, அதையும் போடுங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு வேணும். போங்க.”

மூவரும் வழியெல்லாம் விவாதித்துக்கொண்டே போனார்கள். விடிவதற்குள் திருத்தமும் ஏறிவிட்டது. நன்றாக ஓடுகிறது என்று ஊரே சொல்கிற பக்கத்தில் எதற்கு அனாவசியமாகக் கை வைக்க வேண்டும் என்று, மாலையையும் விளக்கையும் அப்படியே விட்டுவிட்டு, அடியில் மட்டும் சேர்த்திருந்தார்கள்:

‘அன்னார் உயிருடன் நலமாக உள்ளார். இறுதி மரியாதை செலுத்த முன்பதிவு அவசியம். ஞாயிறு விடுமுறை.’