நீலம் ஏறிய அலகு

ஒச்சப்பனுக்கு எல்லார் மேலும் சந்தேகம். பார்த்த வேலை அப்படி. மலைப்பாதையில் வனத்துறைச் சோதனைச் சாவடியில் ஆயுள் முழுக்க நின்றவர். வைக்கோல் வண்டிக்குள் கம்பியை விட்டுக் குத்துவார். முட்டைக்கோஸ் மூட்டையைக் குத்துவார். ஒரு தடவை பிணம் கொண்டுபோன பாடையைக் குத்தப் போய் உதை வாங்கினார்.

ஓய்வு பெற்றபின் மலையில் புகையிலை பிடிக்கும் மரக்குழாய் செய்யும் மாசிலாமணியிடம் சீடனாகச் சேர்ந்தார். ஆசானுக்கு வயது குறைவு. ஆசான் சீடனை அண்ணே என்பார். சீடன் ஆசானை ஆசானே என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

ஒச்சப்பன் மரம் அறுப்பார், அரம் போடுவார், உப்புத்தாள் தேய்ப்பார். புகையிலை வைக்கும் கிண்ணத்தைக் குடைய மட்டும் ஆசான் விடவில்லை. கடைசியில் ஒருநாள், "அடுத்த கிண்ணம் உங்களுது" என்றார்.

அந்த வாரமே குடையும் அலகு முறிந்தது.

அலகு என்பது கரண்டி மாதிரி முனை வளைந்த இரும்பு. அது மரத்துக்குள் இறங்கிச் சுற்றினால்தான் கிண்ணம். இல்லாவிட்டால் கட்டை கட்டைதான். அதை அடிக்கத் தெரிந்தவர் அடிவாரத்தில் இருந்த நாகலிங்க ஆசாரி ஒருவர்தான்.

இருவரும் இறங்கிப் போனார்கள்.

"காசு வேண்டாம். எனக்கு ஒரு பைப்பு செஞ்சு குடு" என்றார் ஆசாரி. "ரெண்டு கையும் சம்மட்டியிலயும் குறட்டிலயும் இருக்கு. பீடி பிடிச்சா உதட்டைச் சுடுது. கையை விட்டாலும் வாயில நிக்கிற மாதிரி வேணும்."

"பல்லைக் காட்டுங்க."

ஆசாரி காட்டினார். இடப்பக்கம் பாதிப் பல் இல்லை. மாசிலாமணி ஒரு தேன்மெழுகு உருண்டையை நீட்டினார்.

"கடிங்க."

"எதுக்கு? என் எச்சிலை வச்சு ஏதாவது பண்ணவா?"

"உங்க கடிக்குத் தகுந்த மாதிரி வாய்ப்பிடி செதுக்கணும்."

ஆசாரி மெழுகை மோந்து பார்த்தார். ஒச்சப்பனை முறைத்தார். பிறகு கடித்தார். பதிலுக்கு ஒரு நூலை எடுத்து மாசிலாமணியின் உள்ளங்கையை அளந்தார். "உன் பிடிக்குத் தகுந்த இரும்பு" என்றார்.

பண்டமாற்று என்றால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பொருளைத் துணியில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும். கொடுத்தவன் எதிரில் பிரித்தால் அவன் முகத்தில் துப்பியதற்குச் சமம்.

"திருடனுக்கு வசதியா எவனோ ஏற்படுத்தின வழக்கம்" என்றார் ஒச்சப்பன், திரும்பும் வழியில்.

மாசிலாமணி நடந்தார்.

"இந்த ஆசாரி கொடுத்த உளி ஒரே வாரத்துல பல்லுப் பல்லாப் போச்சுன்னு சவப்பெட்டி செய்யிற தச்சன் சொல்றான்."

"சரி."

"ஆசானே, ஒரு ஆளை நம்பலாமா வேணாமான்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

"அலகு வரட்டும்" என்றார் ஆசான்.

பழைய அலகு முறியுமுன் குடைந்து வைத்த கிண்ணங்கள் இரண்டுதான் இருந்தன. ஒன்று நன்றாகக் காய்ந்த பேரி மரம், வரி ஓடி அழகாக இருந்தது. இன்னொன்றின் அடியில் பூச்சி அரித்த குழி. மாசிலாமணி பேரியை எடுத்தார்.

"குழி விழுந்ததைக் கொடுப்போம்" என்றார் ஒச்சப்பன். "மரத்தூளும் கோந்தும் வச்சு அடைச்சுச் சாயம் பூசிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இங்கேயே இருக்கோமே."

ஒச்சப்பன் பேரியைத் தேய்த்துக் கொடுத்தார். எருமைக் கொம்பைச் சூடு காட்டி வளைத்து, மெழுகில் இருந்த பல்தடத்தைப் பார்த்துப் பார்த்து ஆசான் வாய்ப்பிடி செதுக்கினார். முடிந்ததும் துணியில் சுற்றி ஒச்சப்பனிடம் கொடுத்தார்.

"நீங்களே போய் மாத்திட்டு வாங்க."

பட்டறையில் இரண்டு பொட்டலங்கள் கை மாறின. ஆசாரி தன் கைக்கு வந்ததைத் தூக்கி எடை பார்த்தார். ஒச்சப்பனும் பார்த்தார்.

"என்ன செக்போஸ்ட்டு, கம்பி கொண்டு வரலையா?" என்றார் ஆசாரி.

ஒச்சப்பன் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு மலை ஏறினார். பாதி வழியில் ஓர் ஊற்று. அங்கே உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்தார்.

அலகு நன்றாக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. முனையில் வெளிர் வைக்கோல் நிறம். சரியாகத் தோய்ச்சல் போட்டு, காய்ச்சித் தோய்த்து உறுதி ஏற்றிய இரும்பில் அந்த நிறம் நிற்கும் என்று ஆசான் சொல்லியிருக்கிறார்.

நிஜ நிறமா, பூசின நிறமா?

மணலை எடுத்துத் தேய்த்தார். நிறம் போனது. ஆகா, அகப்பட்டான் என்றது மனசு. ஆனால் நிஜ நிறமும் தேய்த்தால் போகுமே. அப்படியானால் சூடு காட்டினால் திரும்ப வர வேண்டும். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி முனையை நீட்டினார். வைக்கோல் நிறம் வந்தது. இன்னும் கொஞ்சம் பார்ப்போமே என்று வைத்திருந்தார். பழுப்பு ஆனது. பிறகு ஊதா. பிறகு மயில் கழுத்து மாதிரி அருமையான நீலம்.

திருப்தியோடு சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை ஆசான் அலகைக் கட்டையில் இறக்கினார். நாலு சுற்றுச் சுற்றினார். கூர் வெற்றிலை மாதிரி மடங்கியது.

"சொன்னேனா இல்லையா!" ஒச்சப்பன் துள்ளினார். "தகர டப்பா இரும்பு! நல்ல மரத்தைத் தூக்கிக் கொடுத்துட்டு நிக்கிறோம்!"

மாசிலாமணி அலகை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"வழியில ரொம்பக் குளிரா அண்ணே?"

"இல்லையே. நல்ல வெயில்."

"தீ காய்ஞ்சீங்களோன்னு கேட்டேன்."

ஒச்சப்பன் கீழே கிடந்த மரத்தூளைக் கூட்டத் தொடங்கினார். ஆசான் அலகை மேசையில் வைத்துவிட்டு வேறு கட்டையைத் தேய்க்க உட்கார்ந்தார்.

உச்சிப் பொழுதில் பஸ்ஸிலிருந்து நாகலிங்க ஆசாரி இறங்கி வந்தார். கையில் பொட்டலம். பிரிக்கவே இல்லை.

"என்ன ஆசாரியாரே?"

"ராத்திரி யோசிச்சேன். மரக் கிண்ணம் நெருப்புல வெடிக்கும்னு ஒருத்தன் சொல்றான். வாய்ப்பிடிக் கொம்புல விஷம்னு இன்னொருத்தன். நீ முதல்ல பிடிச்சுக் காட்டு தம்பி. அப்புறம் நான் வாயில வைக்கிறேன்."

மாசிலாமணி பிரித்தார். குழாயை வாயில் வைத்துக் கையை எடுத்தார். குழாய் மடியில் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"செஞ்சவன் வாயிலயே நிக்கலையே!" என்றார் ஆசாரி.

"இது உங்க வாய்க்குச் செஞ்சது. என் வாயில எப்படி நிக்கும்?"

ஆசாரி குழாயை வாங்கினார். பின்வாசல் வழியாகப் போகிறவன் மாதிரி மெதுவாக வாய்க்குள் விட்டார். பல் இல்லாத சந்தில் அது போய் உட்கார்ந்தது. இரண்டு கையையும் விட்டார். தலையை ஆட்டினார். குழாய் ஆடவில்லை.

ஆசான் புகையிலை அடைத்துத் தீக்குச்சி கிழித்தார். ஆசாரி ஓர் இழுப்பு இழுத்தார். கண்ணில் நீர் முட்டியது.

"விஷம்! வேப்பங்கொட்டை மாதிரிக் கசக்குது! கொல்லப் பார்க்கிறீங்க ரெண்டு பேரும்!"

"புது மரம். கொஞ்ச நாள் கசக்கும். உள்ளே கரி படியணும்."

"கதை விடாதே" என்ற ஆசாரியின் கண் மேசைக்குப் போனது. அலகை எடுத்தார். முகம் கறுத்தது.

"இதைச் சுட்டது யாரு?"

மாசிலாமணி கட்டையை எடுத்து மறுபடி தேய்க்கத் தொடங்கியிருந்தார்.

"வைக்கோல் நிறத்துல கொடுத்தேன். இப்ப நீலம் நிக்குது. சூடு கூடிப்போய் இரும்பு இளகி, தோய்ச்சலே போச்சு. ஊரெல்லாம் என் இரும்பு மட்டம்னு சொல்லிக்கிட்டுத் திரிவீங்களா? அந்தச் சவப்பெட்டித் தச்சன் என் உளியால பெயின்ட் டப்பாவைத் திறந்துட்டு என்னைத் திட்டுறான். நீங்களுமா? யாரு சுட்டதுன்னு கேக்கறேன்."

ஆசான் நிமிரவில்லை. காட்டிக் கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. உப்புத்தாள் ஓசை மட்டும் கேட்டது.

ஒச்சப்பன் எழுந்தார். சோதனைச் சாவடியில் எத்தனையோ பேரை நிற்க வைத்திருக்கிறார். அப்படி அவரே நின்றது இதுதான் முதல் தடவை.

"நான்தான். ஊத்துக்கிட்ட பிரிச்சேன். நிறம் நிஜமான்னு பார்க்கத் தீயில காட்டினேன்."

"நிஜமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன்யா எடுக்கலை?"



ஆசாரி குழாயைக் கடித்தபடி அங்கும் இங்கும் நடந்தார். இரண்டு கையையும் வீசித் திட்டினார். காக்கிச் சட்டையைத் திட்டினார், மலையைத் திட்டினார், தன் வயிற்றெரிச்சலைச் சொன்னார். எல்லாம் தீர்ந்தபின் அலகைத் துண்டில் முடிந்தார்.

"மறுபடி தோய்ச்சல் போட்டுத் தர்றேன். தம்பி, நீ வந்து வாங்கிக்க. இந்த செக்போஸ்ட்டு கையில கொடுக்க மாட்டேன்."

"அண்ணன்தான் வருவார்" என்றார் மாசிலாமணி. "அடுத்த கிண்ணம் அவரு குடையப் போறது."

"இன்னுமா? எதை நம்பி அந்த ஆளு கையில கொடுக்கச் சொல்றே?"

மாசிலாமணி உப்புத்தாளைக் கீழே வைத்தார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஆசாரியின் முகத்தைச் சுற்றிப் புகை நின்றது.

"விஷம்னு சொன்னீங்களே ஆசாரியாரே. அப்புறம் எதை நம்பி இவ்வளவு நேரமா இழுத்துக்கிட்டே இருக்கீங்க?"