ருசி பார்க்காத சமையல்

"சாமி, நான் இனிப்பையே தொடுததில்ல. ஆனா சுகர் முந்நூறை விட்டு இறங்க மாட்டேங்குது."

மடைப்பள்ளி வாசலில் நின்று ஆவுடைத்தங்கம் சொன்னாள்.

கல்யாண வீடுகளில் சமைப்பவள். இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். பாகு பதம் வந்ததா என்று இப்போதெல்லாம் அவளுக்குத் தெரிவதில்லை. கண் போனால் கரண்டியும் போய்விடும்.

உள்ளே நம்பி சாமி குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைவிட இரண்டு வயது இளையவர். அவருக்கும் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. பெருமாளுக்குத் தினமும் சர்க்கரைப் பொங்கல் செய்வதும் அவர்தான். கண்ணாடி போடாமல் அரிசியில் கல் பொறுக்குவார்.

"அவரைப் போய்ப் பாருங்க" என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

"மாத்திரை?" என்றார் நம்பி சாமி.

"ஒருவேளை தவறினதில்ல."

"நடை?"

"அடுப்புக்கு முன்னால பத்து மணி நேரம் நிக்கேனே, அது போதாதா?"

அவர் குடத்தைத் தோளில் ஏற்றினார்.

"வாங்கோ."

ஆறு ஒன்றரை மைல். போகும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். வரும்போது வழியெல்லாம் புலம்பினாள்.

"கோயில்லதான் குழாய் இருக்கே சாமி?"

"இருக்கு. பெருமாளுக்குத் தண்ணி அதுலயே வந்துடும்."

"பின்னே?"

"எனக்கு நடை வராதே."

ஒரு மாதம் அவர் பின்னால் நடந்தாள். இப்போது எங்கேயும் உட்காருவதில்லை. சர்க்கரை இருநூற்று அறுபதுக்கு வந்தது.

"நல்லது. ஆனா கத்தி வைக்க இது போதாது" என்றார் டாக்டர்.

மறுநாள் சனிக்கிழமை. சாமி வேறென்ன செய்கிறார் என்று பார்க்க அவள் மடைப்பள்ளி வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

நம்பி சாமி வெல்லம் கரைத்தார், நெய் விட்டார், உருளியைக் கிளறினார். கரண்டியைத் தூக்கி ஒருமுறை பதத்தைக் கவனித்தார். இறக்கிவிட்டார்.

"ருசி பாக்கலியா?"

"பெருமாளுக்கு முன்னாடியா?"

"இனிப்பு சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"அளவு தெரியும். கைப்பழக்கம்."

"ஒருநாள் கூடத் தோணினதில்லியா சாமி?"

"தினமும் தோணும்."

அவள் வாயைப் பிளந்தாள். இருபத்தைந்து வருஷம் அடுப்போடு கிடந்தவள். இப்படி ஒரு கையை அவள் பார்த்ததில்லை.

பூஜை முடிந்தது. நம்பி சாமி தன் இலையைப் போட்டார். கீரை, கொஞ்சம் பருப்பு, ஒரு கைப்பிடி சோறு, மோர்.

"இம்புட்டுத்தானா?"

"பசிக்கு இது போதும்."

"ருசிக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே மோரை ஊற்றினார்.

வெளியே பிரசாதத்துக்கு வரிசை மண்டபத்தைச் சுற்றி நின்றது. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் பொங்கல் உருளியை அவள் முன்னால் தள்ளினார்.

"இன்னைக்கு நீங்க கொடுங்கோ."

அவள் கை கழுவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தொன்னையிலும் ஒரு பிடி. கை வேகம் பழைய வேகம். ஒருவருக்குக் கூடுதல், ஒருவருக்குக் குறைவு என்பதே இல்லை.

கடைசித் தொன்னையும் போனது. உருளி காலி.

ஆவுடைத்தங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியளா சாமி? எனக்குன்னு ஒரு பருக்கை எடுக்கல. இப்பமாவது நம்புதியளா?"

நம்பி சாமி சொம்பில் தண்ணீரோடு வந்தார். ஆனால் ஊற்றவில்லை.

"கையைக் காட்டுங்கோ."

நீட்டினாள்.

"எனக்கு இல்லை. நீங்க பாருங்கோ."

புரை விழுந்த கண். கையை மூக்கு வரைக்கும் கொண்டுபோனாள்.

நான்கு விரல்களில் நெய்யும் பொங்கலும் அப்பியிருந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது.

வாயில் ஏலக்காய் மணந்தது.

"ஐயோ... இதை எப்ப நக்குனேன் சாமி?"

நம்பி சாமி சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார்.

"எத்தனை வருஷமா சமைக்கறேள்?"