மாப்பிள்ளை எண்ணிய இறக்கைகள்

சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் இப்போது இல்லை, கடைசியில்தான். அதுவரை சிரிப்பை வாயிலேயே அடக்கி வைத்திருங்கள்.

மசமசப்பட்டிக்குப் போன மாதம் ஒரு பூச்சி வாத்தியார் வந்தார். பெரிய பூதக்கண்ணாடியைக் கொடுத்து எல்லாரையும் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். பட்டாம்பூச்சி இறக்கையில் ஓடு வேய்ந்திருந்தது. தட்டானுக்குத் தலை முழுக்கக் கண்ணாகவே இருந்தது. ஆண் கொசு நெற்றியில் இரண்டு இறகு செருகியிருந்தது. பொன்வண்டோ மெல்லிய இறக்கையை மடித்து, மேலே பச்சை மூடி போட்டு வைத்திருந்தது.

"பட்டுப்புடவையைப் பீரோவுல வெச்ச மாதிரி!" என்று வியந்தார் ஊர்த்தலைவர் கருத்தமுத்து.

கிளம்பும்போது வாத்தியார் தொண்டையைச் செருமினார். "குளவி மாதிரியே மஞ்சள் கறுப்புச் சட்டை போட்டு ஏமாத்துற ஈ உண்டு. அதுக்கு ரெண்டு இறக்கை, கொட்டாது. குளவிக்கு நாலு, கொட்டும். எண்ணினா தெரிஞ்சிடும்."

கண்ணாடியை அன்பளிப்பாக விட்டுவிட்டுப் போனார். வினை அதோடு ஆரம்பம்.

கருத்தமுத்துவின் அக்கா மகன் வேலாண்டிக்குக் கல்யாணம் வந்தது. பெண் பக்கத்து ஊர் அன்னக்கொடி. அவளுடைய அத்தை பொன்னுருவி, மாப்பிள்ளை போட்டோவைக் கையில் பிடித்தபடியே வந்து இறங்கினாள்.

"போன தடவை வேற ஊர்க்காரங்க அண்ணன் போட்டோவைக் காட்டித் தம்பியைக் கொண்டாந்து நிறுத்துனாங்க. இந்த மூஞ்சிக்குத்தான் பொண்ணு. வேற மூஞ்சின்னா வண்டியைத் திருப்பிடுவோம்!"

முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் இருந்தது. பந்தல் காலில் ஒரு கூடு. அதன்மேல் மஞ்சள் கறுப்பாகப் பத்துப் பதினைந்து.

"குளவிண்ணே!" என்றான் மாப்பிள்ளைத் தோழன் குப்பாண்டி.

"வேஷம் போட்ட ஈயா இருந்தா?" என்றார் கருத்தமுத்து.

"கூடு கட்டியிருக்கேண்ணே?"

"வேஷம் போடுறவன் அரைகுறையாவா போடுவான்?"

இது நியாயமாகப் பட்டது. எண்ணிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. பத்து வரை தப்பில்லாமல் எண்ணத் தெரிந்தவன் அந்த ஊரில் மாப்பிள்ளை ஒருவன்தான். மாலையும் கழுத்துமாக வேலாண்டி கண்ணாடியோடு மூக்கு இடிக்கப் போனான்.

உட்கார்ந்திருக்கும் குளவி, பின்னிறக்கையை முன்னிறக்கையோடு கோத்து ஒன்றாக வைத்திருக்கும். வேலாண்டிக்கு அது தெரியாது. உங்களுக்கும் இப்போதுதான் தெரியும், அதனால் சிரிக்காதீர்கள்.

"ஒண்ணு... ரெண்டு... ரெண்டேதான் மாமா!"

சொல்லி முடிப்பதற்குள் மூக்கில் ஒன்று போட்டது.

"மாப்ளே, கொட்டிருச்சா?"

"ரெண்டு இறக்கை மாமா. எப்படிக் கொட்டும்?"

"வலிக்குதா?"

"கொட்டாதது எப்படி வலிக்கும்?"

கண்ணில் மட்டும் தண்ணீர் ஓடியது. சரிபார்க்க மற்ற இருவரும் போனார்கள். கருத்தமுத்து கன்னத்தில் இரண்டு, குப்பாண்டி நான்கு, மாப்பிள்ளை மொத்தம் ஏழு வாங்கினார்கள். ஒருவரும் முனகவில்லை. இரண்டு இறக்கைக்குப் போய் முனகுவதா?

வேலாண்டியின் மூக்கு கத்தரிக்காய் அளவுக்கு வந்துவிட்டது.

"கண்ணாடி வழியாப் பாத்தா அப்படித்தாண்டா தெரியும். எடுத்துடு," என்றார் கருத்தமுத்து. எடுத்தார்கள். மூக்கு அப்படியே இருந்தது. "புதுக் கண்ணாடி. மெதுவாத்தான் இறங்கும்."

பொன்னுருவி போட்டோவை அந்த மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "எவன்டா இவன்? கட்டுடா வண்டியை!"

வேலாண்டி கழுத்து மாலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அன்னக்கொடி மணவறையிலிருந்து எழுந்து வந்து அவனை உற்றுப் பார்த்தாள். "வலிக்கலையா?"

"வழிக்கழ," என்றான் உதடு வீங்கிய வேலாண்டி.

"அத்தே, ஏழு கொட்டு வாங்கிட்டும் வலிக்கலைங்கறாரு. என் கொழம்பைத் தின்னுட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. இவரே இருக்கட்டும்!"

கெட்டிமேளம் முழங்கியது. வேலாண்டி தாலியை எடுத்தான். ஊரே சேர்ந்து எண்ணியது. ஒரு முடிச்சு. இரண்டு. மூன்று!

மாலையில் ஒட்டிக்கொண்டு வந்த குளவி ஒன்று அவன் மூக்குக்கு நேரே ஏறி, சோம்பல் முறித்து இறக்கையை விரித்தது. எண்ணுகிற வேகத்தில் வேலாண்டி அதையும் எண்ணினான்.

"ஒண்ணு... ழெண்டு... மூணு..."

நிறுத்தினான். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான்.

"நாழு! மாமா, நாழு! அய்யோ அம்மா, வழிக்குதேஏஏ!"

"நாலா?" என்று கேட்ட கருத்தமுத்துவும் குப்பாண்டியும், அந்த நிமிஷமே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறத் தொடங்கினார்கள்.