ஆவுடையப்பன் பாட்டைப் பதிவு செய்த கதை

கல்லிடைக்குறிச்சியில் மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். மூவருக்கும் சங்கீத ஞானம் தாராளமாக உண்டு. மற்ற ஞானங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடுகிறவன் ஆவுடையப்பன். அப்பளக் கடையில் வேலை. கீபோர்டு வாசிப்பவன் மாடக்கண்ணு. தபலா சொள்ளமுத்து. எதையும் நன்றாக யோசித்துத்தான் செய்வார்கள். தொந்தரவே அதுதான்.

ஆவுடையப்பனுக்குக் கோவில்பட்டியில் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் செண்பகவல்லி. பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "நல்லாப் பாடுவீங்களாமே. ஒரு பாட்டு பதிவு பண்ணி அனுப்புங்க, கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றாள். கடையில் இருந்தபடியே போனில் பாடி அனுப்பினான். அதில் பாட்டைவிட மாவு அரைக்கிற மிஷின்தான் தெளிவாகக் கேட்டது.

"இரைச்சல் இல்லாம ஒழுங்காப் பதிவு பண்ணி அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு நான் பதில் சொல்லணும்" என்று செய்தி வந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

நல்லவேளையாக, கூடப் படித்த ஜெபராஜ் சென்னையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் இருந்தான். மைக், ஒயர், ஹெட்போன், மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற ஒரு டப்பா எல்லாவற்றையும் முன்பே பார்சலில் அனுப்பியிருந்தான். மாடக்கண்ணு வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்து ஜெபராஜுக்குப் போன் போட்டார்கள்.

"ரொம்ப லேசுல" என்றான் ஜெபராஜ். "மைக் அடியில கம்பி கம்பியா நீட்டிக்கிட்டு இருக்குல்லா, அது ஆண் முனை. ஒயர் நுனியில ஓட்டை ஓட்டையா இருக்கது பெண் முனை. ரெண்டையும் சேத்து வச்சிட்டுக் கூப்பிடுங்க."

போனை வைத்ததும் மூவரும் மைக்கையும் ஒயரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ஆணையும் பெண்ணையும் சும்மா அப்படியே சேத்து வச்சிர முடியுமால?" என்றான் மாடக்கண்ணு. "நாளைக்கு நாலு பேரு கேப்பான்."

"அதுவும் இப்ப ராகு காலம்" என்றான் சொள்ளமுத்து.

"என் காரியம் நல்லபடியா நடக்கணும்ல. எதுவா இருந்தாலும் முறைப்படி செஞ்சிருவோம்" என்றான் ஆவுடையப்பன்.

ராகு காலம் கழிகிற வரைக்கும் மைக்கைக் கூடத்திலும் ஒயரை அடுக்களையிலுமாகத் தனித்தனியே வைத்திருந்தார்கள். பிறகு மைக்குக்குச் சந்தனம் பூசி, ஒயருக்கு மஞ்சள் கயிறு கட்டி, சொள்ளமுத்து தபலாவிலேயே கெட்டிமேளம் வாசிக்க, ஆவுடையப்பன் இரண்டையும் சேர்த்தான். 'கிளிக்' என்று ஒரு சத்தம் வந்தது. சொள்ளமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்போதுதான் மாடக்கண்ணு ஒயரின் மறுநுனியைப் பார்த்தான். பார்த்தவன் அலறினான்.

"எலேய்! மோசம் போயிட்டோம்ல! பொண்ணுக்கு இந்தப் பக்கம் ஆணா இருக்கு!"

மூவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்துச் சொள்ளமுத்து சொன்னான்: "அது பொண்ணோட அண்ணனா இருக்கும்ல. ஒரே வீடு, ஒரே ஒயர்."

"அண்ணன் இருக்கும்போது தங்கச்சிக்கு முதல்ல முடிச்சிட்டோமே" என்று வருந்தினான் ஆவுடையப்பன்.

அண்ணனுக்குப் பெண் தேடியதில், டப்பாவின் முகப்பிலேயே ஓட்டை ஓட்டையாக ஒன்று அகப்பட்டது. அதே முகூர்த்தத்தில் அதையும் முடித்துவைத்தார்கள். டப்பாவைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற ஒயருக்கு ஆண், பெண் என்று ஜெபராஜ் எதுவும் சொல்லாததால் அதைச் சாதாரணமாகவே மாட்டிவிட்டார்கள்.

ஹெட்போனைக் காதில் வைத்தால் 'ங்ங்ங்' என்று ஒரே இரைச்சல்.

"எர்த் சரியில்லல" என்றான் ஜெபராஜ் போனில்.

"எர்த்துன்னா?"

"எலேய், எர்த்துன்னா பூமி. மண்ணு. அதுகூடத் தெரியாதா? சரி, எனக்கு இங்க வேலை கெடக்கு" என்று வைத்துவிட்டான்.

எந்த மண் என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. மாடக்கண்ணு செம்மண் என்றான். "பொண்ணு கோவில்பட்டி. அங்க கரிசல். கரிசல் மண்ணுதான் பொருத்தம்" என்று ஆவுடையப்பன் அடித்துச் சொன்னான். சைக்கிளில் போய் யார் யாரிடமோ கேட்டுக் கரிசல் மண் கொண்டுவந்து, ஒரு பெரிய சட்டியில் நிரப்பி, டப்பாவைக் கழுத்து வரைக்கும் புதைத்தார்கள். இரைச்சல் போகவில்லை.

"தண்ணி ஊத்தணுமோ?" என்றான் சொள்ளமுத்து. செம்பும் கையுமாக அவன் எழுந்த நேரத்தில், நல்ல காலம், ஜெபராஜ் வீடியோவில் கூப்பிட்டான். சட்டியைப் பார்த்ததும் அவன் முகம் போனில் அப்படியே உறைந்து நின்றது. நெட்வொர்க் கோளாறு என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"டப்பாவை வெளிய எடுங்க" என்றான் கடைசியில். "கரண்டு ஒயரு மைக் ஒயர் மேலயே கெடக்கு பாருங்க, இரைச்சலு அதனாலதான். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு திரும்பிக்கூடப் பாக்காத அளவுக்குத் தள்ளி வைங்க."

தள்ளி வைத்தார்கள். பார்த்துக்கொள்ளக் கூடாதே என்று நடுவில் ஒரு வேட்டியைத் திரைகட்டித் தொங்கவிட்டார்கள். இரைச்சல் நின்றது. வேட்டியால்தான் நின்றது என்று மாடக்கண்ணு இன்றைக்கும் சொல்கிறான்.

"சபாஷ். இப்ப டப்பாவுல இருக்க திருகைக் கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பி சத்தத்தைக் கூட்டுங்க. ஒரே ஒரு விஷயம், சிவப்பு மட்டும் வரவே கூடாது."

மாடக்கண்ணு அந்த நிமிஷமே தன் சிவப்புச் சட்டையைக் கழற்றி வெளியே எறிந்தான். வாளி போயிற்று. மிளகாய்வத்தல் டின் போயிற்று. ஆவுடையப்பன் நெற்றிக் குங்குமத்தை அழித்தான். வாசலில் நின்ற அடுத்த வீட்டுச் சேவலைச் சொள்ளமுத்து தெருமுனை வரைக்கும் துரத்திவிட்டு வந்தான்.

"இப்ப கம்ப்யூட்டர்ல சிவப்புப் பட்டனை அழுத்துங்க" என்றான் ஜெபராஜ்.

"சிவப்பு வரக் கூடாதுன்னு நீதானல சொன்ன?"

"எலேய், அது சத்தம் கூடிப்போனா டப்பாவுல எரியுற சிவப்பு லைட்டு, இது வேற! இதை அழுத்துனாத்தான் பதிவாகும். அழுத்துனதுக்கப்புறம் ஒருத்தனும் வாயத் திறக்கக் கூடாது. மூச்சு விடுற சத்தம்கூட அதுல விழும்" என்று சொல்லிப் போனை வைத்தான்.

அழுத்தினார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆவுடையப்பன் மைக்குக்கு முன்னால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பக்தியோடு நின்றான். மாடக்கண்ணு கீபோர்டின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் சொள்ளமுத்துவால் முடியவில்லை.

"எப்பல பாடப்போற?"

"வாயத் திறக்கக் கூடாதுன்னுல்லா சொன்னான்!"

"இப்ப மட்டும் திறந்திட்டியே?"

"நீ கேட்ட, நான் சொன்னேன். முதல்ல திறந்தது நீ."

"ரெண்டு பேரும் வாய மூடுங்கல" என்று மாடக்கண்ணு வாயைத் திறந்தான்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. "பாட்டு முடிஞ்சுதா?" என்றான் ஜெபராஜ்.

"முடிஞ்ச மாதிரிதான் தெரியுது" என்றான் ஆவுடையப்பன்.

"அப்ப வேற எதையும் தொடாம முதல்ல சேவ் பண்ணு. இல்லன்னா இவ்வளவு நேரம் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்."

ஆவுடையப்பன் தாடையைத் தடவிப் பார்த்தான். இரண்டு நாள் தாடி. "பொண்ணு வீட்டுக்கு அனுப்புறதுல்லா, சரியாத்தான் சொல்லுதான்" என்றான். சொள்ளமுத்து சோப்பைக் குழைத்தான். கன்னம் வழித்து முடிந்ததும் சந்தேகம் வந்து போன் போட்டார்கள். அங்கே ஸ்டூடியோவில் யாரோ டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எலே ஜெபராஜு, மீசையை விட்டிரவா?"

"மிச்சத்தையா? ஒண்ணையும் விடாத! எல்லாத்தையும் சேவ் பண்ணு!"

மீசை போயிற்று. எல்லாவற்றையும் என்றானே என்று தலைமுடியும் போயிற்று. புருவம் சேருமா சேராதா என்று மாடக்கண்ணுவும் சொள்ளமுத்துவும் தீர விவாதித்தார்கள். சேரும் என்று முடிவாகி, ஒரு புருவத்தை எடுத்து முடித்தபோது ஜெபராஜ் மறுபடியும் வீடியோவில் வந்தான்.

அவன் போட்ட கூச்சலில் மற்றப் புருவம் பிழைத்தது. "கம்ப்யூட்டர்ல சேவ் பண்ணுங்கடா!" என்று கத்தி, எந்த எழுத்தின் மேல் எந்த விரலை வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்கள் அழுத்தி, பதிவு அந்தக் கணமே கோவில்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. போட்டுக் கேட்டுப் பார் என்று ஜெபராஜ் சொல்லவில்லை. ஆகவே அவர்களும் கேட்டுப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த நிம்மதியில் ஆவுடையப்பன் முற்றத்தில் நின்று அந்தப் பாட்டைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பாடினான். அப்படி ஒரு பாட்டை அவன் வாழ்நாளில் பாடியதில்லை. தெருவே வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று கேட்டது. அது எதிலும் பதிவாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செண்பகவல்லியின் அப்பா கூப்பிட்டார். "மாப்பிள, அது என்ன பாட்டுன்னு எனக்கு வெளங்கல. ஆனா பிள்ளை கேட்டுக் கேட்டுச் சிரிச்சதுல விக்கலே எடுத்துட்டு. கெட்டுனா உங்களைத்தான் கெட்டுவேங்கா. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

மூவரும் போனார்கள். ஒற்றைப் புருவத்தோடு வந்த மாப்பிள்ளையை அவர் ஏற இறங்கப் பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர், ஒன்றும் கேட்கவில்லை. செண்பகவல்லி கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். பேசி முடித்ததும், "மாப்பிள, கை நனைக்காமப் போகக் கூடாது, சொல்லிட்டேன்" என்றபடி அவர் பந்தி ஏற்பாட்டைக் கவனிக்க உள்ளே போனார்.

மூவரும் எழுந்து வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் போனார்கள். கையை நனைத்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

"எங்க இருக்கீங்க?" என்று போனில் கேட்டாள் செண்பகவல்லி.

"பஸ் ஸ்டாண்டுல. அப்பாகிட்ட சொல்லிருங்க. நல்லா முழங்கை வரைக்கும் நனைச்சாச்சு."

அவளுக்கு மறுபடியும் விக்கல் எடுத்தது. அடக்கிக்கொண்டு, இந்த மனிதரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்துகொண்டவளைப் போல, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "பஸ்ஸுல ஏறாதீங்க. திரும்பி நடந்து வீட்டுக்கு வாங்க. வந்ததும் வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். நேரா இலையில உக்காருங்க. பரிமாறியாச்சு."

வந்தார்கள். கூடத்தில் இலைகள் வரிசையாகப் போட்டிருந்தன. சோற்றிலும் சாம்பாரிலும் கூட்டிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது. வேறொன்றும் செய்யாமல் நேராகப் போய், ஆளுக்கொரு இலையில், நட்டநடுவில், சப்பணம் கொட்டி உட்கார்ந்தார்கள்.

கரண்டியோடு வந்த மாமனார் அப்படியே நின்றுவிட்டார். ஆவுடையப்பன் முகத்தில் வலியைக் காட்டிக்கொள்ளாமல், பணிவாகத் தலையை நிமிர்த்தினான்.

"சாம்பார் கொஞ்சம் சூடா இருக்கு, மாமா. ரசத்தை மட்டும் ஆறவச்சு ஊத்தச் சொல்லுங்க."