மலைப்பாதை சரிந்த ஆண்டு

கேளுங்கள், கேட்டதைப் பிறருக்கும் சொல்லுங்கள். அரசரே முதல் ஏர் பூட்டி உழவைத் தொடங்கிவைத்த அந்தக் காலத்தில், ஏரூரில் கொற்றி என்றொரு பெண் கொல்லுப்பட்டறை நடத்திவந்தாள். சுற்றியிருந்த முப்பது ஊர்களுக்கும் ஏர்க்கொழு அவள் பட்டறையிலிருந்தும், சாத்தன் என்பவனின் பட்டறையிலிருந்தும்தான் போகும்.

ஏர்முனையில் மண்ணைக் கிழிக்கும் அந்தக் கொழுவை அடிக்க இரும்பு வேண்டும். அது ஒரே மலையிலிருந்து, ஒரே பாதையில், பொதிமாடுகளின் முதுகில் வந்தது.

ஓர் ஆனி மாதம் பெருமழையில் மலை சரிந்தது. பாதை புதைந்தது. ஆடியில் உழாவிட்டால் விதைப்பு இல்லை. விதைக்காவிட்டால் சோறு இல்லை.

உலை அணைந்தது. துருத்தி ஓய்ந்தது. சம்மட்டி ஓசை அடங்கியது.

"வேலை இல்லாதவனுக்குக் கூழ் எதற்கு?" என்று சாத்தன் தன் கொல்லர்களை அனுப்பிவிட்டான். மலையில் இரும்பு உருக்குவோருக்கும் ஆள் விட்டான்: "பத்து நாளில் இரும்பு வராவிட்டால் இனி உங்களிடம் வாங்கமாட்டேன்."

கொற்றிக்கும் பயம்தான். ஆறிய உலையருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் கொல்லர்களைக் கூப்பிட்டாள்.

"பாதிப் பேர் ஊர் ஊராகப் போங்கள். தேய்ந்த கொழுக்களை வாங்கி, இரண்டை ஒன்றாக அடித்துக் கொடுங்கள். மற்றவர்கள் அரிசியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்."

சாத்தன் அனுப்பிவிட்ட கொல்லர்கள் வாசலில் நின்றார்கள். "நாங்களும் வரலாமா அம்மா?"

"வாருங்கள்" என்றாள்.

வழியில்லா வழியில் தட்டுத்தடுமாறி மலையேறினார்கள். இரும்பு உருக்குவோரின் தலைவன் எயினன், இடிந்த குடிசைமுன் நின்றிருந்தான்.

"நீயும் மிரட்டத்தான் வந்தாயா, தாயே?"

"இல்லையப்பா. பிள்ளைகள் சாப்பிட்டார்களா?"

எயினன் அழுதுவிட்டான். "இரும்பு குவிந்து கிடக்கிறது. மாடுகள்தான் மண்ணுக்குள் போய்விட்டன. மூன்று நாளாகக் காட்டுக்கிழங்குதான்."

அன்று சோறு பொங்கினார்கள். மறுநாள் மண்ணை வெட்டினார்கள். அதற்கடுத்த நாளும் வெட்டினார்கள். பதினைந்தாம் நாள் ஒற்றையடிப்பாதை திறந்தது. இரும்பு தலைச்சுமையாக இறங்கியது.

வந்தது அறுபது கொழுவுக்கே போதும். பெருநிலக்காரர் ஒருவர், "இருமடங்கு விலை தருகிறேன், எல்லாம் எனக்கே" என்றார்.

"ஐயா, உங்கள் வயலும் விளையட்டும். ஆனால் ஊருக்கு இரண்டு கொழுதான். முறைவைத்து உழுங்கள்" என்றாள் கொற்றி.

அந்த ஆடியில் யார் நிலமும் முழுதாக உழப்படவில்லை. ஆனால் எந்த ஊரும் தரிசாகவும் கிடக்கவில்லை.

அறுவடை முடிந்ததும் கொற்றி எயினனிடம் சொல்லிவிட்டே, தென்மலையிலிருந்தும் கொஞ்சம் இரும்பு வாங்க ஏற்பாடு செய்தாள்.

பாதை அகலமானபின் சாத்தனுக்கும் இரும்பு வந்தது. அடிக்கத்தான் ஆள் இல்லை. தன் பழைய கொல்லர்களைத் திரும்ப அழைக்கத் தலைகுனிந்து கொற்றியின் பட்டறைக்கு வந்தான். அவள் கேலி பேசவில்லை. "அவர்களையே கேளுங்கள்" என்றாள்.

கொல்லர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "முதலில் எங்கள் வீடுகளில் ஒரு பருவத்துக்கு நெல் போடுங்கள். அப்புறம் வருகிறோம்."

சாத்தன் தானே மூட்டை சுமந்து வீடு வீடாக இறக்கினான். மறுவாரம் அவன் உலையும் எரிந்தது.

பொருள் வரும் வழி அடைபடும்போது, அந்தப் பொருளுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களை முதலில் காப்பவரே முதலில் மீண்டெழுவார்.